கொண்டச்சிக் கடலும் பேர்சிவலின் கண்ணும்

கப்டன் றொபேட் பேர்சிவல் 1803இல் வெளியிட்ட இலங்கை நூலில் கொண்டச்சி முத்துக்குளிப்பு விரிவாக இடம்பெறுகிறது. இரவில் கரைக்காற்றோடு புறப்பட்டு, மறுநாட் கடற்காற்றோடு மீளும் படகுகளை அதிற் காண்கிறோம். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஓதுவோரையும் காண்கிறோம். அதனை அவர் மூடநம்பிக்கை என்கிறார். படிப்போர் மனத்தில் மந்திரமே நிற்கிறது. காற்றின் போக்கறிந்து தொழில் செய்த அறிவு மறைந்துவிடுகிறது. வேறு காப்பற்றவனுக்கே மந்திரம் தேவைப்பட்டது என்பதும் மறைந்துவிடுகிறது.

பின்னாளில் ஆங்கில அரசு நடத்திய சலாபங்களிற் சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, எஞ்சியதே குளியாளிகளுக்கு. ஆபத்து மட்டும் முழுவதும் அவர்களுடையது.

இக்கணக்கு இன்னும் தீரவில்லை. தனுஷ்கோடியை அழித்த 1964 டிசம்பர்ப் புயல் மன்னாரையும் தாக்கிற்று. 2020 டிசம்பரில் புரேவிப் புயல் இலங்கையைக் கடந்து மன்னார் வளைகுடாவை அடைந்தது. கடல் வெப்பமேறிவரும் இந்நாளில், பரம்பரைக் காற்றறிவு மட்டும் போதாது. வானிலை எச்சரிக்கை அவசியம். ஆனால் எச்சரிக்கையை ஏற்றுக் கரையில் நிற்கும் நாளின் கூலியை யார் தருவது? மீனவனை அறியாதவன் என்று இகழ்வதும், அஞ்சாதவன் என்று புகழ்வதும் இக்கேள்வியைத் தட்டிக்கழிக்கும் இரு வழிகளே. கடலோர மக்களை எழுத முனையும் இலக்கியம் இக்கேள்வியிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது நம் கருத்து.