விற்பனையா, வாடகையா?

பிரிக்பீல்ட்ஸ் கடையொன்றில் விலைகொடுத்து வாங்கிய நாவல், பதிப்பகமே மூடப்பட்ட பின்னும் கிள்ளானிலுள்ள வீட்டு அலமாரியில் படிக்கக் கிடைக்கும். கணினி விளையாட்டுகள் எல்லாவற்றுக்கும் அந்தப் பேறு இல்லை. பிரெஞ்சு நிறுவனமான யூபிசாஃப்ட் 2014 டிசம்பரில் வெளியிட்ட 'தி குரூ' என்னும் காரோட்ட விளையாட்டு இதற்குச் சான்று.

உடன்பிறந்தவனைக் கொன்றவரைத் தேடும் கதை அதிலே மெலிந்தது, பாத்திரங்களும் நிழல்களே. நிலக்காட்சியோ வேறு. அமெரிக்க நாட்டைச் சுருக்கி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலிஸ் வரை இடையறாது ஓட்டிச் செல்லும்படி அமைத்திருந்தனர். பாலையும் பனிமலையும் ஒரே பயணத்தில் வந்து போகும். தனியே ஓட்டுவதில்தான் அதன் சுவையெல்லாம். அத்தனிப்பயணத்துக்கும் நிறுவனத்தின் சர்வரோடு ஓயாத இணைப்பு வேண்டும் என விதித்ததே பெருங்குறை. 2024 மார்ச் 31-இல் சர்வர் நிறுத்தப்பட்டது. கிள்ளானில் இணையம் எத்துணை விரைவாயினும், கையில் வட்டே இருப்பினும், அந்தச் சாலைகள் இனி இல்லை.

பலர் கூடியாடும் பந்தயத்துக்குச் சர்வர் வேண்டும்; அதற்குச் செலவும் உண்டு. மறுப்பாரில்லை. 2004 முதல் 'வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்' மாதச் சந்தா கேட்கிறது; கட்டுவோர் நிபந்தனை அறிந்தே கட்டுகின்றனர். 'தி குரூ'வோ விற்பனை என்னும் பெயரில் முழுவிலை பெற்று, கெடு சொல்லாத வாடகையாக முடிந்தது. சந்தாவினும் இது நேர்மை குறைந்தது. விற்கப்படுவது உரிமமே என்பதை வாங்குவோர்க்குத் தெளிவாகச் சொல்லவேண்டுமெனக் கலிபோர்னியா மாநிலம் 2024-இல் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில், 'தி குரூ 2'-ஐ இணையமின்றி ஆடவும் வழி செய்யப்படும் என்று யூபிசாஃப்ட் அறிவித்தது. முதற்படைப்புக்கு அவ்வழி திறக்கப்படவில்லை.