தீயில் வெந்த வீடு

நல்லம்பள்ளிப் பக்கம் மண்பானை வாங்குகிறவர்கள் முதலில் விரல் கணுவால் ஒரு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்றால் காசு, மொத்தென்றால் கீழே வைத்துவிடுவார்கள். புதுச்சேரி கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியின் ஜாடியை அப்படித் தட்டினால் ஓசை இன்னும் கெட்டியாகக் கேட்கும். நம் பானை 1000 டிகிரிக்குள் வெந்தது. கசிந்து கசிந்தே தண்ணீரைக் குளிரவைக்கும். அதுவோ 1300 டிகிரியை ஒட்டிய தீயைக் கண்டது, சொட்டுக்கூடக் கசியாது. எது உசத்தி? சித்திரை வெயிலில் என் ஓட்டு பானைக்குத்தான்.

1971-இல் அமெரிக்கர்களான ரே மீக்கரும் டெபோரா ஸ்மித்தும் தொடங்கிய பட்டறை இந்த கோல்டன் பிரிட்ஜ். டெபோரா ஜப்பானின் பிஸென் ஊரில் மண்வேலை பழகியவர்.

மீக்கர் செய்ததில் என்னைக் கட்டிப்போட்டது ஜாடி அல்ல, வீடு. பச்சைச் செங்கல்லை மண்சாந்தில் வைத்து, வளைவுக் கூரையும் எழுப்பி, உள்ளே சுடாத செங்கல்லையும் ஓடுகளையும் அடுக்கி, நாள்கணக்கில் எரித்தார். வீடே சூளை! உள்ளே வெந்த சரக்கை விற்று விறகுச் செலவை ஈடுகட்டலாம் என்பது கணக்கு. சூளைக்காரர் எவரும் கேட்டவுடன் தலையாட்டக்கூடிய கணக்குதான்.

மீக்கர் பிறருக்குக் கற்பித்ததும் சின்ன வேலையல்ல. 2018-இல் ஜெய்ப்பூர் ஜவஹர் கலா கேந்திராவில் முதல் இந்திய செராமிக்ஸ் ட்ரையெனாலே என்ற மண்கலைக் கண்காட்சி நடந்தது. அதை முன்னின்று நடத்திய கலைஞர்களில் மாத்வி சுப்ரமணியனும் சர்பானி தாஸ் குப்தாவும் வினீத் கக்கரும் இந்தப் புதுச்சேரிப் பட்டறையில் மண் பிசைந்தவர்கள்.