பஞ்ச காலத்துப் புரவு: களவியலுரைக் கதையும் கெலமங்கலக் கூத்தும்

இறையனார் களவியலுரையின் முகப்பிலுள்ள வற்கடக் கதையை முச்சங்க வரலாற்றின் மெய்ம்மையை ஆராய்வதற்கே அறிஞர் பெரிதும் பயன்படுத்தியுள்ளனர். ஒரு சாரார் அதனைச் சங்கம் இருந்தமைக்குச் சான்றாகக் கொண்டனர். பிறிதொரு சாரார் பிற்காலத்தார் கட்டிய கதையெனத் தள்ளினர். வழக்கு அத்துடன் நின்றது. கதை பேசும் பொருள் யாது என்பதை அவ்வழக்கு மறைத்துவிட்டது என்றே சொல்லல் வேண்டும். நாடு நலிந்த காலத்துப் புலமையைப் புரப்பார் யார், புரப்பார் கைவிட்டவழி அழிவது எது என்னும் வினாவே அக்கதையின் உயிர். அவ்வினா பழையதாகிவிடவில்லை என்பதை 2020, 2021 ஆகிய ஈராண்டுகளும் காட்டின.

கதை யாவரும் அறிந்ததே. பாண்டி நாட்டில் பன்னீராண்டு மழை பொய்த்தது. பசி கடுகிற்று. அரசன் புலவரை அழைத்துத் தன்னால் இனி அவர்களைப் புரக்க இயலாமையைக் கூறினான். வேறிடம் சென்று பிழைத்திருந்து, நாடு செழித்தபின் தன்னை நினைந்து மீளுமாறு வேண்டினான். அவர்களும் பிரிந்து சென்றனர். மழை பெய்தபின் அரசன் நாற்றிசையும் ஆள் போக்கினான். எழுத்தும் சொல்லும் யாப்பும் வல்லார் கிடைத்தனர். பொருளதிகாரம் வல்லார் எங்கும் கிடைத்திலர். எழுத்தையும் சொல்லையும் கற்பது பொருளின் பொருட்டே, அது பெறாவழி இவை பெற்றும் பெற்றிலம் என அரசன் கவன்றான். ஆலவாய்க் கடவுள் அறுபது சூத்திரம் செய்து செப்பேட்டில் அருளியது அதன்பின் நிகழ்ந்தது.

இக்கதையில் அரசன் கொடியவன் அல்லன். பொய்யுரைத்தானும் அல்லன். இல்லாமையை ஒளியாது கூறி, மீண்டு வருமாறு வேண்டி, சொன்னபடி ஆளும் போக்கினான். இத்துணை நேர்மை இருந்தும் இழப்பு நேர்ந்தது என்பதே கதையின் கூர்மை. மேலும், இழந்தது யாது என்பது பிரிந்த நாளில் எவருக்கும் தெரியவில்லை. மீண்டவரை எண்ணியபோதுதான் தெரிந்தது.

பொருளதிகாரம் வல்லார் மட்டும் மீளாமைக்குக் காரணம் யாது? உரைகாரர் கூறிற்றிலர். யாம் ஒன்று உய்த்துணரலாம். எழுத்தும் சொல்லும் ஒருவன் தனித்திருந்தும் போற்றத்தக்கவை; நினைவும் ஏடும் இருப்பின் போதும். பொருளோ கேட்பாரும் மறுப்பாரும் உடன் இருக்கும் அவையில் வாழ்வது. கதையின் பிற்பகுதி இதற்கு அரண் செய்கிறது. கடவுளே சூத்திரம் செய்தும், அதற்கு உரை காணப் புலவர் குழுமவேண்டியிருந்தது. மெய்யுரை தேர உருத்திரசன்மன் என்னும் கேட்பான் ஒருவன் வேண்டியிருந்தது. கண்ட உரை நீலகண்டனார் வரை பத்துத் தலைமுறை வாய்மொழியாக வழங்கவேண்டியிருந்தது. அவை கலைந்தால் முதலில் அழிவது அவையில் மட்டும் வாழும் கலை.

தெருக்கூத்து அத்தகைய கலை. ஒசூருக்குத் தெற்கே, தமிழும் தெலுங்கும் கன்னடமும் கலந்து வழங்கும் கெலமங்கலத்தைச் சூழ்ந்த நாட்டில், பாரதக் கூத்து கோயில் விழாவோடு பிணைந்தது. பகலில் வில்லிபாரத விரிவுரை, இரவில் கூத்து, இறுதியில் துரியோதனன் படுகளம், தீமிதி என்னும் நிரல் வட தமிழ்நாடு முழுதும் பொதுவானது. வாத்தியார், கட்டியங்காரன், மிருதங்கம், முகவீணை, ஆர்மோனியம், பின்பாட்டு என ஒரு குழு கூடினாலன்றி ஓரிரவுக் கூத்தும் நடவாது. செலவுக்கு ஊரார் தலைக்கட்டு வரி போடுவர்; ஆட்டத்தினிடையே அன்பளிப்பு அளிப்பார் பெயரைக் கட்டியங்காரன் அவையறியக் கூவுவான். முற்காலத்து அவ்வரி கேழ்வரகு விளைவித்தோர் கையினின்று வந்தது. ஒசூரில் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தபின் ஆலைக் கூலியும் அதில் கலந்தது.

பாண்டியன் கதைக்கு நேர்மாறான வழக்கம் ஒன்று இக்கூத்து மரபில் உண்டு. மழை பொய்த்த ஆண்டில் விராட பருவத்தைப் படிப்பிப்பதும் ஆடுவிப்பதும் வழக்கம். பாண்டவர் கரந்துறைந்த நாட்டில் மழை வளம் குன்றாது என்பது நம்பிக்கை. ஆகவே வறட்சி வந்தபோது ஊர் கூத்தரைப் போக்கிவிடவில்லை; அழைத்தது. அரசன் கலையை வளமைக்குரிய செலவாகக் கண்டான். ஊரோ அதனை வறுமைக்கு மருந்தாகக் கண்டது. இவ்வேறுபாட்டை நம் இலக்கிய வரலாறுகள் கருதவேயில்லை. புரவு என்றாலே முடிமன்னரையும் குறுநில வேளிரையும் நினைத்துப் பழகிவிட்டோம்.

ஆயினும் 2020-இல் வந்த இடர் இவ்வூர் அறத்தையும் தோற்கச் செய்தது. மார்ச் 25-ஆம் நாள், பங்குனித் திங்களின் இடையில், நாடெங்கும் ஊரடங்கு தொடங்கிற்று. மறு ஆண்டு மே 10-ஆம் நாள், சித்திரை முடியுமுன், தமிழ்நாட்டில் மீண்டும் முழு ஊரடங்கு வந்தது. இரண்டும் கூத்தர் ஆண்டு முழுமைக்கும் தேடும் பருவத்திலேயே விழுந்தன. கொள்ளை நோயில் கூட்டம் கூடுதலே கேடு. தடை செய்தது தகும். ஆனால் ஊரின் கொடை கூட்டத்தோடு கட்டுண்டிருந்தது. விழா இன்றேல் வரி இல்லை. அவை இன்றேல் அன்பளிப்பும் இல்லை. ஆலைகளும் நின்றமையால் கொடுப்பார் கையும் சுருங்கிற்று. ஊர் கூத்தரை மறந்ததன்று; ஆடாத கூத்துக்குக் கொடுக்கும் முறை ஊரிடம் இல்லை.

அரசு வாளா இருந்திலது. 2007-இல் அமைந்த நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவு பெற்றோர்க்கு ஆயிரம், ஈராயிரம் என்னும் அளவில் உதவித்தொகை வழங்கப்பெற்றது. இசைக்கலைஞர் டி. எம். கிருஷ்ணா முதலியோர் பொதுமக்களிடம் நிதி திரட்டிக் கூத்தர் உள்ளிட்டார்க்கு அனுப்பினர். இவை பசிக்கு உதவின என்பதில் ஐயமில்லை. பதிவு பெறாதாரும், மொழியாலும் எல்லையாலும் எந்தப் பட்டியலிலும் அடங்காதாரும் நிரம்பிய இவ்வெல்லைப் பகுதியில் அவ்வுதவி எத்துணைத் தொலைவு எட்டியிருக்கும் என்பது வேறு வினா.

ஈண்டுப் புறநானூற்று 208-ஆம் பாட்டு நினைவுக்கு வருதல் இயல்பே. கெலமங்கலத்துக்குத் தெற்கே தகடூரில் ஆண்ட அதியமான் நெடுமானஞ்சியிடம் பெருஞ்சித்திரனார் மலை பல கடந்து வந்தார். அரசன் அவரைக் காணாமலே பரிசில் கொடுத்தனுப்பினான். புலவர் கொள்ளவில்லை. தாம் வாணிகப் பரிசிலர் அல்லர் என்றும், கண்டு அன்புடன் தரின் தினையளவேனும் இனிது என்றும் கூறினார். இப்பாட்டைப் புலவர் பெருமிதத்துக்கு எடுத்துக்காட்டாகக் கூறி முடிப்பது வகுப்பறை வழக்கம். ஆனால் மறுத்தவர் செல்வர் அல்லர். இவரே பாடிய 159-ஆம் பாட்டு இவர் இல்லத்து நிலையைக் காட்டும்: முதிர்ந்து தளர்ந்த தாய், பல குழவிகளால் மெலிந்து, குப்பைக் கீரை கொய்து உப்பின்றி வேகவைக்கும் மனைவி. இந்நிலையிலும் ஒருவர் பரிசிலை மறுக்கிறார் எனின், காணாது கொடுத்தல் கொடை அன்று, கணக்குத் தீர்த்தல் என்று அவர் கருதினார் என்பது தெளிவு.

எனின், 2020-இல் வந்த உதவித்தொகை கூத்தரைக் காணாது நீட்டிய பரிசில் தானோ? முழுதும் அவ்வாறு கூறல் நேர்மையன்று. காண இயலாத காலம் அது. ஆயினும் அத்தொகை கூத்தனுக்கு அன்று, ஏழைக் குடிமகன் ஒருவனுக்கே சென்றது. 1935-இல் அமெரிக்க ஐக்கிய நாட்டில், பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, கூட்டரசு நாடகத் திட்டம் ஒன்று தொடங்கப்பெற்றது. வேலையிழந்த நடிகர்க்கு இரவலுதவி அளியாது, நாடகம் நடிக்கச் செய்து அதற்கே ஊதியம் அளித்தனர். 1939-இல் அரசியற் பகையால் அது நிறுத்தப்பெற்றது. நான்கே ஆண்டு நடப்பினும், நடிகனை நடிகனாகவே வைத்துப் புரந்தமை அதன் சிறப்பு. குழு கலையாமல் இருந்தது. இதனை அதியமானின் ஏவலர் கொணர்ந்த பரிசிலோடு ஒப்பிட்டு நோக்குக.

பெருஞ்சித்திரனாரின் மற்றொரு பாட்டு (163) இதனினும் ஆழ்ந்து கற்கத்தக்கது. குமணனிடம் பெற்ற பெருஞ்செல்வத்தோடு மீண்ட புலவர், அதனை எவர்க்கெல்லாம் பகிர்ந்தளிக்க வேண்டும் என்று மனைவியிடம் கூறுகிறார். அன்புடையார், உறவினர் என்னும் வரிசையில், பசி தீர அவளுக்குக் குறியெதிர்ப்பை நல்கியோரும் இடம்பெறுகின்றனர். அளவு குறித்து வாங்கி அவ்வளவே திருப்பித் தரும் கடனே குறியெதிர்ப்பை. நாழி அரிசி வாங்கி நாழி அரிசி கொடுக்கும் இம்முறை இன்றும் சிற்றூர்த் தெருக்களில் பெண்களிடையே உண்டு. குமணன் கொடையை இலக்கிய வரலாறு பக்கம் பக்கமாகப் போற்றியுள்ளது. நாடிழந்து காட்டிலிருந்தபோது தன் தலையையே தர முன்வந்தான் என்னும் செய்தியைச் சொல்லாத பாடநூல் இல்லை. ஆனால் குமணனைக் காணும்வரை புலவர் இல்லத்தைப் புரந்தவர் பெயரறியாப் பக்கத்து வீட்டுப் பெண்டிர். அவர் பாட்டுக் கேட்டுக் கொடுத்தவர் அல்லர். ஆயினும் காணாது கொடுத்தவரும் அல்லர். நாளும் கண்டவரே. அவர் பெற்றதோ பாட்டின் ஓர் அடியில் ஒரு தொடர்.

கெலமங்கலப் பகுதிக் கூத்தர் அவ்விரு பருவங்களையும் கடந்ததில் இத்தகைய அளவுக்கடனுக்குப் பெரும் பங்கு இருந்திருக்கும் என்றே கருதுகிறேன். எனினும் குறியெதிர்ப்பையின் எல்லையையும் மறைத்தல் ஆகாது. அது வீட்டைப் புரக்கும், அவையைப் புரவாது. கூத்தன் உயிரோடு இருப்பான். சிறு வேடம் கட்டிக் கற்றுவந்த இளைஞன் ஒசூர் ஆலைக்குச் சென்று அங்கேயே நிற்பான். மீண்டும் விழா எடுக்கும்போது குழு கூடும். மிருதங்கமும் முகவீணையும் கேட்கும். எழுத்தும் சொல்லும் யாப்பும் வந்துவிட்டன என்று ஊர் மகிழும்.

வாராதது எது என்பதைக் கண்டறிதற்குக் கருவி இல்லாமல் இல்லை. வாத்தியார்கள் கூத்துகளைக் கையால் எழுதி வைத்திருக்கும் நோட்டுப் புத்தகங்கள் உள. விழா வரிக் கணக்கு வைத்திருக்கும் ஊர்ப் பெரியோர் உளர். 2019 வரை எவ்வூரில் எவ்விரவு எக்கூத்து நடந்தது, பின்னர் எது நடக்கவில்லை என்பதை இவ்விரண்டையும் அருகருகே வைத்தால் நிரல்பட எழுதிவிடலாம். ஆய்வு மாணவர் இருவர், ஒரு கோடை விடுமுறை, மும்மொழியும் அறிந்த துணைவர் ஒருவர் போதும். முதலிற் கேட்கவேண்டியது விராட பருவத்தைப் பற்றி. மழை வேண்டி அதனை ஆடுவிக்க இன்று ஓர் ஊர் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தால், அதனை விடியும்வரை முழுமையாக ஆட வல்ல குழுக்கள் இப்பகுதியில் எத்தனை எஞ்சியுள்ளன?