டிரம் இல்லாத குழுவின் டிரம்

அமெரிக்காவின் ப்ளூகிராஸ் இசைக்குழுவில் வழக்கமாக டிரம் இருக்காது. ஒன்றாம், மூன்றாம் தட்டுகளை டபுள் பாஸ் பார்த்துக்கொள்ளும். இரண்டிலும் நான்கிலும் ‘சக்’கென்று ஓர் அடி விழும். அது மாண்டலின். திறந்த தந்தி கலக்காத கார்டைப் பிடித்து ஓங்கி அடித்து, அடித்த கணமே இடக்கை விரல்களைத் தளர்த்திவிட வேண்டும். ஸ்வரம் மலர்வதற்குள் அடங்கிவிடும், தாளம் மட்டும் நிற்கும். இதற்கு ‘சாப்’ என்று பெயர். கென்டக்கிக்காரர் பில் மன்றோ (1911–1996) நிலைநிறுத்திய இந்தப் பழக்கம்தான் அமெரிக்க இசையில் மாண்டலினுக்கு நிலையான இடம் வாங்கித் தந்தது. ஆனால் அது குறுகலான இடம்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஊர்களிலும் கல்லூரிகளிலும் மாண்டலின் குழுக்கள் பெருகியிருந்தன. கலமசூ நகரத்து கிப்சன் நிறுவனம் இசை ஆசிரியர்களையே முகவர்களாக்கிக் கருவிகளை விற்றது. பிறகு ஜாஸ் வந்தது, மோகம் வடிந்தது. கச்சேரி மேடையை மனத்தில் வைத்து கிப்சனில் பணியாற்றிய லாயிட் லோர் மேற்பார்வையில் 1922இல் எஃப்-5 மாண்டலின் வெளிவந்தபோது, கல்யாணம் முடிந்தபின் வந்து சேர்ந்த மேளக்காரர் நிலைமைதான். 1924இல் லோர் கிப்சனை விட்டே போனார். அவர் 1923இல் கையொப்பமிட்ட ஒரு கருவியை 1940களில் மயாமியில் ஒரு முடிதிருத்தகத்தில் 150 டாலருக்கு வாங்கினார் மன்றோ. வயலின் போன்ற துளைகள் கொண்ட அதன் இறுக்கமான, வறண்ட ஒலி சாப்புக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது.

மாண்டலினின் பிறவிக் குறை, ஒலி நீடிக்காதது. இத்தாலியர்கள் ட்ரெமோலோவால், அதாவது ஒரே ஸ்வரத்தை வேகமாகத் திரும்பத் திரும்ப மீட்டி, அதை நிரப்பினார்கள். நம் கர்நாடக இசைக் கலைஞர் ‘மாண்டலின்’ ஸ்ரீனிவாஸ் மின்சாரத்தின் துணையோடு ஒற்றைத் தந்திகளில் ஒலியை நீட்டி கமகத்துக்கு வழி செய்தார். மன்றோ நேரெதிராக, குறுகிய ஒலியை இன்னும் குறுக்கினார். குறையையே வேலையாக மாற்றியது பெரிய யோசனை. 1945க்குப் பின் மன்றோவின் குழுவில் ஏர்ல் ஸ்க்ரக்ஸின் பேஞ்ஜோ அவ்வளவு வேகத்தில் பாய்ந்தும் குழு சிதறாமல் நின்றதில் அந்த அடிக்குப் பெரும் பங்கு உண்டு.

சிக்கல் பின்வந்தவர்களிடம். மெதுவான பாட்டிலும் சாப், மூன்று மாண்டலின்கள் கூடினாலும் மூன்றும் சாப். இம்மி பிசகிய அடிகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து தாளமே கலங்குகிறது. 1929இலேயே ஸ்லீப்பி ஜான் எஸ்டெஸுடன் ப்ளூஸ் பதிவு செய்த யாங்க் ரேச்சலும், ஜாஸ் கார்டுகளை அநாயாசமாக அடுக்கிய ஜெத்ரோ பர்ன்ஸும் மாண்டலின் பேச்சில் ஓரமாகிப் போகிறார்கள். கருவியிலும் இதே கதைதான். எஃப்-5இன் சுருள் அலங்காரம் ஒலிக்கு எதுவும் சேர்ப்பதாக எனக்குத் தோன்றவில்லை, விலைக்கு நிறையவே சேர்க்கிறது. பழுதுபார்த்த விதம் பிடிக்காமல் தன் கருவியிலிருந்து கிப்சன் பெயரைச் சுரண்டி எடுத்தவர் மன்றோ. அவருடைய பக்தர்களோ அந்தப் பெயரைத் தேடி அலைகிறார்கள்!

இன்றைய மாண்டலின் கலைஞர் கிறிஸ் தீலி இந்த வளையத்துக்குள் நிற்கவில்லை. மாண்டலினும் வயலினும் ஒரே சுருதியமைப்பு கொண்டவை என்பதால் பாக்கின் தனி வயலின் படைப்புகளை 2013இல் மாண்டலினில் பதிவு செய்தார். டிரம் இல்லாத பஞ்ச் பிரதர்ஸ் குழுவில் அவரும் சாப் அடிப்பார். எதிர்பார்க்கும் இடத்தில் அடிக்காமலும் விடுவார். அந்த வெற்றிடம் பாட்டை முன்னே இழுக்கிறது.

மன்றோவே சாப்போடு நின்றவர் அல்லர். அவருடைய தனி வாசிப்பில் ட்ரெமோலோவும் உண்டு. மாமன் பென் வாண்டிவரின் ஃபிடிலும், கறுப்பினக் கிதார் கலைஞர் ஆர்னால்ட் ஷுல்ட்ஸின் ப்ளூஸும் அதில் கேட்கும். இன்றைய ஜாம் கூடுகைகளில் அவர் பெயரால் ஒலிப்பது பெரும்பாலும் அவருடைய சாப் மட்டுமே.