நடுவர் கையில் பரிசுப் பை

2006-ஆம் ஆண்டில் இரண்டு ஆட்டங்கள் தொலைக்காட்சிக்காகப் புது வடிவம் எடுத்தன. ஒன்று பூப்பந்து. அதுவரை சர்வீஸ் போடுகிறவருக்கு மட்டுமே புள்ளி. ஒரு செட் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த ஆண்டு முதல் எவர் சர்வீஸ் போட்டாலும் வென்றவருக்குப் புள்ளி, 21-ஐத் தொட்டால் செட் என்று உலகச் சம்மேளனம் விதியை மாற்றியது. மற்றொன்று பேச்சு. விஜய் தொலைக்காட்சியில் கோபிநாத்தின் ‘நீயா நானா’ தொடங்கியதும் அதே ஆண்டில்தான். எதிரெதிரே இரண்டு அணிகள், நடுவில் நின்று கேள்வி கேட்கும் ஒருவர், முடிவில் நன்றாகப் பேசியவருக்குப் பரிசு. விளையாட்டுப் பக்கத்தில் பேச்சு நிகழ்ச்சிக்கு என்ன வேலை என்று கேட்கும் வாசகர்கள் இதை வேறு எந்தப் பக்கத்தில் எழுதுவது என்று சொன்னால் நல்லது. பூப்பந்து மாறியபோது புதிய விதி அச்சாகி எல்லா ஆட்டக்காரர் கைக்கும் போய்ச் சேர்ந்தது. பேச்சுக்குப் பரிசு வந்தது, பரபரப்பு வந்தது, விதி மட்டும் வரவே இல்லை. பகல் நேரப் பேச்சு நிகழ்ச்சிகள் ஆட்டமாக மாறுவதில் எனக்குள்ள குறை அது ஒன்றுதான்.

பேச்சைப் போட்டியாக்குவது நமக்குப் புதிதில்லை. பண்டிகைக் காலையில் சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றம் ஓடாத தமிழ் வீடு அரிது. விசுவின் ‘அரட்டை அரங்கம்’ ஞாயிறு காலைகளைப் பிடித்து வைத்திருந்தது. வெளிநாட்டிலும் இதே ஓட்டம்தான். எலன் டிஜெனரஸ் தம் பகல் நேர நிகழ்ச்சியில் பார்வையாளர்களை வைத்து நடத்திய குறும்பு ஆட்டங்களைத் திரட்டி 2017-இல் தனிப் போட்டி நிகழ்ச்சியாகவே ஆக்கிவிட்டார். கரண் ஜோஹரின் காபி மேசைப் பேட்டி நிகழ்ச்சியில் சட்டென்று பதில் சொல்லும் சுற்றில் வென்ற நட்சத்திரத்துக்குப் பரிசுக் கூடை போனது. நட்சத்திரம் தோற்றால் யாருக்கும் நஷ்டமில்லை, அது போகட்டும். பேச வந்தவர் சாதாரணக் குடும்பத்தவராக இருக்கும்போதுதான் கணக்கு மாறுகிறது.

2022 ஆகஸ்டில் வந்த ‘நீயா நானா’ பகுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். கணவரைவிட அதிகம் சம்பாதிக்கும் மனைவியர் ஒரு பக்கம், அவர்களின் கணவர்கள் மறுபக்கம். மகளின் மதிப்பெண் அட்டையை எழுத்துக் கூட்டி நெடுநேரம் பார்ப்பார் என்று ஒரு கணவரைப் பற்றி மனைவி சிரித்துக்கொண்டே சொல்கிறார். தமக்குக் கிடைக்காத மதிப்பெண்களை மகள் வாங்கியிருப்பதைப் பார்க்கும் மகிழ்ச்சி அது என்பது அந்தத் தந்தையின் விளக்கம். கோபிநாத் வழக்கமாக முடிவில் கொடுக்கும் பரிசை நடுவிலேயே எடுத்து அந்தத் தந்தைக்கு வழங்கினார். அரங்கம் கலங்கியது. நிகழ்ச்சி நடத்தும் திறமை என்று பார்த்தால் அந்த இரண்டு நிமிடத்துக்கு முழு மதிப்பெண் போடலாம். எங்கே நிறுத்துவது, எப்போது குரலைத் தாழ்த்துவது, கேமரா யார் முகத்தில் இருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றும் கைதேர்ந்த வேலை. ஆட்டமாகப் பார்த்தால், நடுவரே மட்டையை எடுத்து அடித்த பந்து அது. அன்றைய தலைப்பு சம்பாத்தியம். புள்ளி போனதோ நல்ல மனத்துக்கு. அப்படி ஒரு புள்ளி உண்டு என்பது மனைவியர் அணிக்கு முன்பே தெரியாது. தெரிந்திருந்தால் அந்தப் பெண் அவ்வளவு எளிதாகச் சிரித்திருப்பாரா? தந்தைக்குப் பாராட்டு குவிந்த அதே நாட்களில் சமூக ஊடகங்கள் மனைவியைக் கிழித்தெடுத்தன.

இதை விளையாட்டில் தோற்பதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மலேசியாவின் புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்த பூப்பந்து வீரர் லீ சோங் வெய் 2012 லண்டன் ஒலிம்பிக் இறுதியில் லின் டானிடம் மூன்றாவது செட்டை 19-21 என்று விட்டார். நாடே அழுதது. அவர் நல்ல மகனா, நல்ல கணவரா என்று அந்த இரண்டு புள்ளியை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்லவில்லை. எதில் தோற்றோம் என்பது எல்லை கட்டித் தெரிவதால்தான் ஆட்டக்காரரால் மறுநாள் பயிற்சிக்குப் போக முடிகிறது.

எதிர்த்திசையில் நடந்த கொடுக்கல் வாங்கலைப் பார்த்தால் விஷயம் இன்னும் தெளிவாகும். புதிர்ப் போட்டிகளும் பேச்சு நிகழ்ச்சியிடம் கடன் வாங்கியிருக்கின்றன. 2000-இல் சன் தொலைக்காட்சியின் ‘கோடீஸ்வரன்’ சரத்குமாரோடு வந்தது. 2019 இறுதியில் கலர்ஸ் தமிழில் பெண்களுக்கு மட்டுமான ‘கோடீஸ்வரி’யை ராதிகா நடத்தினார். கணவர் அமர்ந்த நாற்காலியில் மனைவி! கேள்விக்கும் கேள்விக்கும் இடையே குடும்பக் கதை, கண்ணீர், சிரிப்பு எல்லாம் உண்டு. ஆனால் புள்ளி கேள்விக்கான பதிலுக்கு மட்டும்தான். 2020 ஜனவரியில் அங்கே ஒரு கோடி ரூபாய் வென்றவர், பேச்சும் செவித்திறனும் இல்லாத மதுரைப் பெண் ஒருவர். பேச்சை நம்பி ஓடும் ஒரு நிகழ்ச்சியில் பேச முடியாதவர் உச்சிக்குப் போக முடிந்தது. அவருடைய கதைக்காக யாரும் இரங்கி ஒரு கேள்வியைத் தளர்த்த வேண்டியிருக்கவில்லை.

பொழுதுபோக்குக்கு எதற்கு இத்தனை சட்டம் பேசுகிறீர்கள் என்பார்கள். சட்டம் பேசியவர்கள் பொழுதுபோக்கில் கரைகண்ட அமெரிக்கர்கள். 1950-களில் ‘டுவென்டி ஒன்’ புதிர் நிகழ்ச்சியில் பதில்களை முன்கூட்டியே கொடுத்து வைத்தது அம்பலமானதும், அறிவும் திறமையும் சார்ந்த ஒளிபரப்புப் போட்டிகளில் அப்படி ஏமாற்றுவது குற்றம் என்று 1960-இல் அந்நாட்டு நாடாளுமன்றம் சட்டம் செய்தது. பேச்சு நிகழ்ச்சி போட்டி என்ற பெயரைப் போட்டுக்கொள்வதில்லை. அதனால் இந்தக் கேள்வியெல்லாம் அதன் வாசலுக்கே வருவதில்லை. ஜீ தமிழின் ‘சொல்வதெல்லாம் உண்மை’யில் பரிசுகூடக் கிடையாது, தீர்ப்பு மட்டும் இருந்தது. விசாரிப்பவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவரே. 2018-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதிக்கும் அளவுக்குப் போனது.

விதி இருந்தால் மட்டும் போதுமா என்பது கூர்மையான கேள்வி. போதாது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் 1964 வரை ஓடிய ‘குயின் ஃபார் எ டே’ நிகழ்ச்சியில் விதி பளிச்சென்று இருந்தது. பெண்கள் தங்கள் துயரத்தைச் சொல்வார்கள், கைதட்டலின் ஓசையை ஒரு கருவி அளக்கும், அதிகக் கைதட்டல் வாங்கிய துயரத்துக்குக் கிரீடமும் துணி துவைக்கும் இயந்திரமும். யாரும் ஏமாற்றவில்லை. இருந்தும் பார்க்கவே கூசும். செய்த செயலுக்குப் புள்ளி கொடுக்கலாம், பட்ட பாட்டுக்கு எப்படிக் கொடுப்பது? தோற்ற பெண்ணின் துயரம் குறைவானது என்றல்லவா ஆகிறது!

இன்னொரு வாதத்துக்கு நான் பாதி வழி இறங்கி வருவேன். ஆட்டமாக ஆக்கியதால்தான் மேடைப் பேச்சு தெரியாதவர்களுக்கு நாற்காலி கிடைத்தது என்கிறார்கள். உண்மைதான். பட்டிமன்றத்தில் ராஜாவும் பாரதி பாஸ்கரும் பேசுவார்கள், நாம் கேட்டுக்கொண்டிருப்போம். கோபிநாத்தின் அரங்கில் மளிகைக் கடைக்காரரும் மாமியாரும் பேசுகிறார்கள். அது பெரிய காரியம். ஆனால் பட்டிமன்றப் பேச்சாளருக்கு மணி எப்போது அடிக்கும் என்று தெரியும். தீர்ப்புச் சொல்லும்போது நடுவர் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்பதும் தெரியும். தேர்ந்த பேச்சாளருக்கு உள்ள அந்தப் பாதுகாப்பு, பல மணி நேரம் பதிவாகி வெட்டி ஒட்டப்படும் நிகழ்ச்சியில் முதல் முறை மைக் பிடிக்கும் மாமியாருக்கு இல்லை.

இங்கே மலேசியாவில் நம் வானொலிகள் சில நூறு வெள்ளிக்குக் காலைப் புதிர் நடத்தினாலே, யார் கலந்துகொள்ளலாம், வெற்றியாளர் எப்படித் தேர்வாகிறார் என்று நிபந்தனைகளை வெளியிடுகின்றன. ஆஸ்ட்ரோ வானவில்லின் ‘விழுதுகள்’ போலச் சமூகத்தைப் பேசும் உள்ளூர் மேடைகள் நாளை பரிசு, கடிகாரம் என்று போகும் நிலை வந்தால் அந்த அளவாவது செய்யட்டும். பரிசு எதற்கு என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லட்டும், கேள்வி கேட்பவரிடம் பரிசைக் கொடுத்து வைக்காமல் இருக்கட்டும். விளம்பரதாரரின் பொருளைக் காட்டியே ஆக வேண்டும் என்றால் வந்த அனைவருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிடலாம். 2004 செப்டம்பரில் ஓப்ரா வின்ஃப்ரே அரங்கில் இருந்த 276 பேருக்கும் கார் கொடுத்தார். தோற்றவர் என்று அங்கே ஒருவரும் இல்லை. அந்தக் காருக்கு அவர்கள் ஆயிரக்கணக்கான டாலர் வரி கட்ட வேண்டி வந்தது வேறு கதை.