பேடாக் ஓரம்

1,200 மீட்டர் பந்தயம் ஏறக்குறைய ஒன்றேகால் நிமிடத்தில் முடிந்துவிடும். எனக்கு விருந்து அதற்கு முன்பே, ஓடுமுன் குதிரைகளைக் காட்டும் இடமான பேடாக்கில். குதிரைக்காரர் கடிவாளம் பிடித்து வட்டமாக நடத்தி வருவார். கிண்டி ரேஸ் மைதானத்தில் மூத்த ரசிகர்கள் சொல்லிக்கொடுத்தபடி முதலில் காதுகளைப் பார்ப்பேன். நிமிர்ந்து முன்னோக்கி இருந்தால் கவனம் சிதறவில்லை. பிறகு பின்தொடை. அடிக்கு அடி தசை திரண்டு மின்ன வேண்டும். தொடையிடுக்கில் வெள்ளையாக நுரை கட்டினால், ஓடுமுன்பே பதற்றத்தில் பலத்தைக் கரைக்கிறது. (நம் வெயிலில் கழுத்து வியர்ப்பதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.) ரேஸ் புத்தகத்தில் பழைய ஓட்டங்களும் சுமக்கும் எடையும் இருக்கும், அன்றைய மனநிலை இங்கேதான் தெரியும். குதிரைப் பந்தயம் திறமை சார்ந்தது என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொன்னது. ஆகவே பணம் கட்டுவதானால் பேடாக்கைப் பார்த்துவிட்டுக் கட்டுங்கள்.