பிளாஸ்டிக் பெட்டிக்குள் ஒரு காசு

நாணயம் சேர்க்க ஆரம்பிக்கும் நண்பர்கள் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: "கிரேடிங் செய்து பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்த காசு வாங்கலாமா, சும்மா கிடைக்கும் காசு போதுமா?" பதிலுக்கு முன் எங்கள் பக்கத்து உதாரணம் ஒன்று.

திருப்புட்குழியிலிருந்து புடவை எடுக்கக் காஞ்சிபுரம் போவோம். புடவையில் சில்க் மார்க் சீட்டு தொங்கும். அது சொல்வது ஒன்றே ஒன்றுதான்: இது அசல் பட்டு. சரிகையில் வெள்ளி எவ்வளவு, கரையைக் கோர்வை போட்டு இணைத்தார்களா என்பதெல்லாம் அதில் இருக்காது. சீட்டு பொய் சொல்லவில்லை. அது பேசாத விஷயத்துக்கும் சேர்த்து நாம் நம்பிவிடுகிறோம், அங்கேதான் கோளாறு. கிரேடிங் சீட்டும் அப்படித்தான்.

இன்று உலகம் முழுக்கப் புழங்கும் 70 மதிப்பெண் முறை, 1949-ல் வில்லியம் ஷெல்டன் என்ற அமெரிக்கர் தன் நாட்டுப் பழைய செப்பு சென்ட் காசுகளுக்காக வகுத்தது. 1 என்றால் தேய்ந்துபோனது, 70 என்றால் குறையில்லாதது. 70 வாங்கிய காசு, 1 வாங்கியதைப்போல 70 மடங்கு விலை போகும் என்பது அவர் கணக்கு. விலைக் கணக்கு பொய்த்துவிட்டது, எண் மட்டும் தங்கிவிட்டது. 1986-ல் பிசிஜிஎஸ், 1987-ல் என்ஜிசி என்று நிறுவனங்கள் வந்து அந்த எண்ணைப் பெட்டியோடு சேர்த்துக் கொடுக்க ஆரம்பித்தன.

இயந்திரத்தில் அச்சான அரிய காசுக்கு இது நிஜமாகவே உதவும். 1939 பம்பாய் வெள்ளி ரூபாயை எடுத்துக்கொள்ளுங்கள். 1938 ரூபாயின் கடைசி எண்ணைச் செதுக்கி 9 ஆக்கிய போலிகள் உண்டு. வெள்ளி அசல், எடையும் சரியாக 11.66 கிராம் இருக்கும். வீட்டுத் தராசு இங்கே தோற்றுவிடும். பழகிய கண் ஒன்று பார்த்துச் சொன்னால், அதற்குக் காசு கொடுப்பது நியாயம்தான்.

ராஜராஜன் செப்புக்காசுக்கு வாருங்கள். ஒருபுறம் நிற்கும் உருவம், மறுபுறம் அமர்ந்த உருவம், பக்கத்தில் நாகரியில் பெயர். சுத்தியலால் அடித்த காசு. எழுத்து மங்கியிருந்தால் தேய்ந்ததா, அடி சரியாக விழவில்லையா? ஒரே எண்ணில் இது அடங்காது. அதனால்தான் என்ஜிசியே பழங்காலக் காசுகளுக்கு அச்சுக்கு 5, மேற்பரப்புக்கு 5 என்று தனித்தனியாக மதிப்பெண் போடுகிறது. அந்தப் பிரிவில் காசு அசல்தான் என்ற உத்தரவாதம் உண்டா என்பதையும் படித்துக்கொள்ளுங்கள். இந்தச் செப்புக்காசு பல சமயம் கிரேடிங் கட்டணத்தைவிட மலிவு. சட்டமும் இருக்கிறது: 1972-ம் வருடத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயதைத் தாண்டிய காசைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக்கூடாது. கிரேடிங்குக்கு என்றாலும் அதே கதைதான்.

ஷெல்டன் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அமெரிக்க நாணயவியல் கழகத்தின் சேகரிப்பிலிருந்து நல்ல காசுகளை எடுத்துக்கொண்டு, தன்னிடமிருந்த மட்டமானவற்றை அங்கே வைத்தவர் அவர் என்று பின்னாளில் தெரிந்தது. காட்டிக்கொடுத்தது மதிப்பெண் அல்ல. முந்தைய உரிமையாளர் விட்டுப்போன பழைய புகைப்படங்களும் குறிப்புகளும்தான்.

இதைப் படித்தபோது எனக்குச் சுருக்கென்றது. என் பாட்டியின் பூஜை டப்பாவில் ஒரு செப்புக்காசு இருந்தது. காலேஜ் நாளில் அதைப் புளி போட்டு, குத்துவிளக்கு மாதிரி பளபளவென்று தேய்த்துவிட்டேன். இன்று கிரேடிங்குக்குக் கொடுத்தால் எண் கிடைக்காது, 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித்தான் தருவார்கள். அந்தப் பச்சைப் பாசி போனதுகூடப் பரவாயில்லை. அந்தக் காசு எந்த ஊரிலிருந்து, யார் கை வழியாக வந்தது என்று பாட்டியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போது கேட்க ஆளும் இல்லை.

ஆகவே என் பதில்: விலை பெரிது, போலி பயம் பெரிது என்றால் பெட்டியோடு வாங்குங்கள். நம்மூர்ச் செப்புக்காசென்றால் சும்மா வாங்கி, நூறு காசைக் கையில் வைத்துப் பார்த்துக் கண்ணைப் பழக்குங்கள். எதை வாங்கினாலும் ஒரு காகித உறையில் எடை, தேதி, விலை, எங்கிருந்து வந்தது என்று எழுதிப் போட்டுவையுங்கள். அந்த நாலு வரியை எந்த நிறுவனமும் பின்னால் அச்சடித்துத் தராது.